வழித்தடமும் வாரத்திட்டமும்

நுழையும்முன்

பெரும்பணி ஒன்றைத் தொடங்கும் முன்பே அதன் ஒவ்வொரு படியையும் வரைந்து முடித்துவிட வேண்டுமா? களத்தில் நாள்தோறும் தெரிவதைக் கண்டு முடிவுகளை மாற்றிக்கொண்டே செல்லலாமா? இவ்விரண்டு வினாக்களுக்கும் ஒருசேர ‘ஆம்’ என்று விடையளிக்கும் பணி ஒன்று சென்னையின் மேற்குப் பகுதியில் நம் கண்ணெதிரே நடைபெற்றுவருகிறது. மெட்ரோ இரயில் பாதையை முன்வைத்து, இவ்விரு வழிகள் எங்கே பிரிகின்றன, எங்கே கைகோக்கின்றன என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

தூண்வரிசை எழுப்பும் வினாக்கள்

திருவேற்காட்டிலிருந்து குமணன்சாவடிக்கு வரும் எவரும் சாலையின் நடுவே நெடிதுயர்ந்து நிற்கும் தூண்வரிசையைக் காணாமல் இருக்க முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் அவ்விடத்தில் தகரத் தடுப்புகள் இருந்தன. தடுப்புகளுக்குள் நிலத்தைத் துளையிடும் எந்திரங்கள் உறுமின. பின்னர்க் கம்பிக்கூடு இறங்கியது, கான்கிரீட் நிறைந்தது, தூண் எழுந்தது, தூணின்மேல் தலைப்பகுதியும் அதன்மேல் உத்திரமும் அமர்ந்தன. பேருந்து நெரிசலில் நின்றபடி இவற்றையெல்லாம் நாள்தோறும் பார்த்துவந்த மாணவர் ஒருவருக்கு இரண்டு ஐயங்கள் தோன்றியிருக்கக்கூடும். இந்தத் தூண் இந்த இடத்தில்தான் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தவர் யார், எப்பொழுது? நேற்று இங்கே வேலை செய்தவர்கள் இன்று நூறு அடி தள்ளி வேலை செய்கிறார்களே, அதை முடிவு செய்தவர் யார், எப்பொழுது?

முதல் வினாவின் விடையைத் தேடினால் பல ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். இரண்டாம் வினாவின் விடை பெரும்பாலும் சென்ற வாரத்திலோ நேற்று மாலையிலோ இருக்கும். ஒரே பணியில் இருவேறு காலக்கணக்குகள் இயங்குகின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் நடத்துவதே பெருங்கட்டுமான மேலாண்மையின் உயிர்நாடி.

சென்னை மெட்ரோ இரயிலின் இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்களைக் கொண்டது. மொத்த நீளம் 118.9 கிலோமீட்டர். 2024 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் வழங்கியபோது மதிப்பிடப்பட்ட செலவு 63,246 கோடி ரூபாய். இவற்றுள் நான்காம் வழித்தடம் என வழங்கப்படுவது கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி புறவழிச்சாலை வரை ஏறத்தாழ 26 கிலோமீட்டர் செல்கிறது. கோடம்பாக்கம் வரை நிலத்தடியிலும் அதற்கு மேற்கே உயர்மட்டத்திலும் அமைகிறது. காட்டுப்பாக்கம், குமணன்சாவடி, கரையான்சாவடி, முல்லைத்தோட்டம் என நமக்குப் பேருந்து நிறுத்தங்களாகப் பழகிய பெயர்களே இங்கே நிலையங்களின் பெயர்களாகியுள்ளன.

இரு வழிகள்

முழுப் பணியையும் முன்னரே பகுத்து, எது முதலில், எது அடுத்து, எதற்கு எத்தனை நாள் என வரிசைப்படுத்தி, அந்த வரிசை மாறாமல் நிறைவேற்றுவது மரபான வழி. இதனை முன்திட்ட முறை என்போம். 1950களின் இறுதியில் அமெரிக்க வேதித்தொழில் நிறுவனமான டுபான்ட் உருவாக்கிய ‘கிரிட்டிக்கல் பாத்’ என்னும் கணக்கீடு இம்முறைக்கு வலுவான கருவியானது. எந்தெந்த வேலைகள் ஒரு நாள் தாமதமானால் முழுப் பணியும் ஒரு நாள் தாமதமாகுமோ அந்த வேலைகளின் தொடரைக் கண்டறிந்து காட்டுவது அது. இன்றும் பெரிய பாலமோ அணையோ அத்தகைய அட்டவணை இன்றித் தொடங்கப்படுவதில்லை.

மற்றொரு வழி கணினி மென்பொருள் உலகிலிருந்து வந்தது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பனிச்சறுக்குக்குப் பெயர்பெற்ற ஸ்னோபேர்டு என்னும் மலையிடத்தில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி ஓர் அறிக்கையை வெளியிட்டனர். முழுத் திட்டத்தையும் எழுதி முடித்துவிட்டு அதன் பின்னே ஓடுவதைவிட, சிறு பகுதியைச் செய்து காட்டி, பயன்படுத்துவோரின் கருத்தைக் கேட்டு, அதற்கேற்ப அடுத்த பகுதியைத் திட்டமிடுவது மேல் என்பது அவர்கள் நிலைப்பாடு. ‘அஜைல்’ என்று உலகம் இதனை அழைக்கிறது. நாம் நெகிழ்முறை என்போம்.

மென்பொருளில் இது எளிது. பிழையான ஒரு வரியை இரவோடிரவாக அழித்து எழுதிவிடலாம். பிழையாக ஊன்றிய தூணை அவ்வாறு அழிக்க முடியாது. அதனால்தான் கட்டுமானத்தில் நெகிழ்முறைக்கு இடமே இல்லை என்று பொறியாளர் சிலர் நெடுநாள் மறுத்துவந்தனர். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. மறுபாதியை அறிய, மெட்ரோவை விட்டுச் சற்று விலகி நம் தெருவில் கட்டப்படும் ஒரு வீட்டைப் பார்ப்போம்.

மேல்தளத்திற்குள் மறையும் குழாய்

வீடு கட்டுவோர் கடைக்கால் ஆழத்தையும் தூண்களின் இடத்தையும் முதலிலேயே உறுதி செய்கின்றனர். தரையில் பதிக்கும் ஓட்டின் நிறத்தையும் சுவரின் வண்ணத்தையும் கடைசிவரை தள்ளிப்போடுகின்றனர். இதிலிருந்து, பெரியவற்றை முன்னரும் சிறியவற்றைப் பின்னரும் முடிவு செய்தால் போதும் என ஒருவர் கருதலாம். அக்கருத்து பிழையானது.

மின்விசிறிக்கும் விளக்குக்கும் கம்பி செல்லும் குழாய் விலை குறைந்த பொருள். ஆனால் அது மேல்தளக் கான்கிரீட்டுக்குள் புதைந்து செல்வது. சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி முடித்த பிறகு, கான்கிரீட் கொட்டுவதற்கு முன் உள்ள ஓரிரு நாள்களில் அக்குழாய் தன் இடத்தில் அமர்ந்தாக வேண்டும். மின்விசிறி அறையின் நடுவில் வேண்டுமா, கட்டிலுக்கு நேர்மேலே வேண்டுமா என்பதை வீட்டுக்காரர் அதற்குள் சொல்லியாக வேண்டும். மறுநாள் சொன்னால் தளத்தைக் கொத்த வேண்டும். மாறாக, வாயிற்கதவு விலை மிகுந்த பொருள். நிலைச்சட்டத்தின் அளவு மாறாதவரை, கதவின் மரத்தையும் வேலைப்பாட்டையும் இறுதி மாதத்தில்கூட மாற்றலாம்.

ஆக, முன்திட்ட முறைக்கு உரியது எது, நெகிழ்முறைக்கு உரியது எது என்று பிரிக்கும் கோடு பெரியது சிறியது என்றோ, விலை மிகுந்தது குறைந்தது என்றோ செல்லவில்லை. மீட்க முடிவது, மீட்க முடியாதது என்றே அது செல்கிறது. அந்தக் கோடும் ஓரிடத்தில் நிற்பதில்லை. இன்று மீட்க முடிகிற ஒன்று, நாளைக் காலை கான்கிரீட் லாரி வந்தவுடன் மீட்க முடியாததாகிவிடும். நல்ல மேற்பார்வையாளர் தம் குறிப்பேட்டில் செய்ய வேண்டிய வேலைகளை மட்டும் எழுதி வைப்பதில்லை. ஒவ்வொரு முடிவையும் எந்த நாள் வரை தள்ளிவைக்கலாம் என்பதையும் எழுதி வைக்கிறார். காலமறிதலுக்கென்று திருக்குறளில் ஓர் அதிகாரமே இருப்பது இங்கே நினைவுக்கு வருகிறது.

மீட்க முடியாத முடிவுகள்

இனி மெட்ரோவுக்குத் திரும்புவோம். ஆழ்வார்திருநகர் முதல் ஆலப்பாக்கம் வரை நான்காம், ஐந்தாம் வழித்தடங்கள் இரண்டும் ஒரே சாலையின்மேல் ஒன்றன்மீது ஒன்றாகச் செல்கின்றன. கீழ்த்தளத்தில் ஒரு பாதை, மேல்தளத்தில் மற்றொரு பாதை. இரண்டையும் தாங்குவது ஒரே தூண்வரிசை. இத்தகைய இடத்தில், முதலில் ஒரு பாதைக்கான தூணை எழுப்பிவிட்டு, தேவை எழும்போது மற்றதைப் பற்றி நினைக்கலாம் என்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தூணின் தடிமன், நிலத்துக்குள் இறங்கும் அடித்தூண்களின் எண்ணிக்கை, ஆழம் ஆகிய எல்லாம் மேலே ஏறவிருக்கும் சுமையைப் பொறுத்தவை. பல ஆண்டுகள் கழித்து ஓடவிருக்கும் இரண்டாவது இரயிலின் எடையை, முதல் துளையிடும் நாளிலேயே கணக்கில் கொண்டாக வேண்டும்.

தண்டவாளங்களுக்கு இடையிலான அகலமும் அத்தகையதே. சென்னை மெட்ரோ 1,435 மில்லிமீட்டர் அகலப் பாதையைக் கொண்டது. பெட்டியின் அளவு, வளைவுகளின் அமைப்பு, சுரங்கத்தின் விட்டம், நடைமேடையின் விளிம்பு எனப் பலவும் இத்தகைய முதன்மை அளவுகளோடு பிணைந்தவை. இவற்றைப் பணியின் நடுவே மாற்றுவது என்பது பணியையே மாற்றுவதாகும்.

பணிமனையின் இடம் இதைவிட நுட்பமானது. புதிய இரயில் பெட்டிகளை இறக்கவும் சோதிக்கவும் பழுது பார்க்கவும் பணிமனை வேண்டும். நான்காம் வழித்தடத்தின் பணிமனை பூந்தமல்லியில் அமைந்தது. ஆதலால் இந்தப் பாதையில் முதல் சோதனை ஓட்டம் கடற்கரைப் பக்கத்தில் நிகழாமல், மேற்குக் கோடியில் நிகழ்ந்தது. 2025 மார்ச்சில் ஓட்டுநர் இல்லா மெட்ரோ இரயில் பூந்தமல்லியிலிருந்து முல்லைத்தோட்டம் வரை முதன்முதலாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது.

முழுப் பாதையும் முடியும்வரை காத்திராமல், முடிந்த பகுதியைச் சோதித்து, அதில் கற்றுக்கொண்டு, அடுத்த பகுதிக்குச் செல்வது நெகிழ்முறையின் இலக்கணம். முதற்கட்டத்திலும் இவ்வாறே நடந்தது. 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு முதல் ஆலந்தூர் வரை மக்கள் முதன்முதலில் பயணம் செய்தனர். 2017 மே மாதம் திருமங்கலம் முதல் நேரு பூங்கா வரை சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. 2019 பிப்ரவரி 10 அன்று வண்ணாரப்பேட்டை வரை இரயில் ஓடியது. அந்தக் கட்டத்தில் பணிமனை கோயம்பேட்டில் இருந்ததை நினைவுகூர்ந்தால், முதல் பகுதி எங்கே தொடங்கியது என்பது வியப்பளிக்காது. பகுதி பகுதியாகத் திறக்கும் நெகிழ்ச்சி, பணிமனையின் இடம் என்னும் நெகிழாத முடிவின்மேல்தான் நிற்கிறது. இரு முறைகளும் அருகருகே நிற்பவை என்பதைவிட, ஒன்றன்மேல் ஒன்று நிற்பவை என்பதே பொருந்தும்.

மண்ணுக்கடியில்

சுரங்கப் பணியில் முன்திட்டம் எவ்வளவு முழுமையாக இருந்தாலும் மண் அதைப் படித்துவிட்டு நடந்துகொள்வதில்லை. குறிப்பிட்ட இடைவெளிகளில் துளையிட்டு மண் மாதிரிகளை எடுத்துப் பார்க்கலாம். இரண்டு துளைகளுக்கு நடுவே இருப்பது ஊகம்தான். சென்னையின் நிலத்தடியில் களிமண்ணும் மணலும் கடும்பாறையும் மாறி மாறி வருகின்றன. சுரங்கம் துளைக்கும் எந்திரம் பின்னோக்கி வரவும் இயலாது. அது முன்னேறும்போதே தன் பின்னால் கான்கிரீட் வளையங்களை அடுக்கிக்கொண்டு செல்கிறது. அவ்வளையத்தின் உட்புறம் எந்திரத்தைவிடச் சிறியது. (இந்த எந்திரங்களுக்கு இரண்டாம் கட்டத்தில் நீலகிரி, ஆனைமலை என மலைகளின் பெயர்களும், ஃபிளமிங்கோ, பெலிகன் எனப் பறவைகளின் பெயர்களும் சூட்டப்பட்டன. ஒருபோதும் திரும்பிப் பறக்க முடியாத பறவைகள்!)

திரும்ப முடியாத எந்திரம், முழுதும் அறிய முடியாத மண். இந்த இடர்ப்பாட்டை மென்பொருள் உலகம் பிறக்கும் முன்பே மண்ணியல் பொறியாளர்கள் எதிர்கொண்டனர். மண் இயக்கவியலின் தந்தை எனப் போற்றப்படும் கார்ல் டெர்சாகியும் அவரோடு பணியாற்றிய ரால்ஃப் பெக்கும் வளர்த்தெடுத்த வழி ‘கவனிப்பு முறை’ எனப்படும். 1969-இல் இலண்டனில் ஆற்றிய ரேங்கின் சொற்பொழிவில் பெக் அதனை முறைப்படுத்திக் கூறினார். மண் பெரும்பாலும் எவ்வாறு இருக்கும் என்ற மதிப்பீட்டைக் கொண்டு வடிவமைக்க வேண்டும். ஆனால் அது எவ்வளவு மோசமாக இருக்கக்கூடும் என்பதையும் கணக்கிட வேண்டும். வேலை நடக்கும்போது எதை அளக்க வேண்டும், அளவு எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பதை முன்னரே எழுதி வைக்க வேண்டும். அளவு எல்லை தாண்டினால் என்ன செய்வது என்பதையும் முன்னரே முடிவு செய்திருக்க வேண்டும். கைவசம் மாற்று நடவடிக்கை இல்லாத இடத்தில் இம்முறையைக் கையாளவே கூடாது என்பது பெக்கின் கண்டிப்பான எச்சரிக்கை.

இந்தக் கடைசி நிபந்தனையை நெகிழ்முறையைப் புகழ்வோர் பலர் விட்டுவிடுகின்றனர். வருவதை வந்தபோது பார்த்துக்கொள்ளலாம் என்பது நெகிழ்ச்சி ஆகாது, அது ஆயத்தமின்மை. சுரங்கத்தின் மேலே உள்ள வீட்டுச் சுவர்களில் அளவுக்குறிகளைப் பொருத்தி, நிலம் எத்தனை மில்லிமீட்டர் அமிழ்கிறது என அளந்து, அதற்கேற்ப எந்திரத்தின் வேகத்தையும் முகப்பு அழுத்தத்தையும் மாற்றுகின்றனர். அந்த மாற்றம் அன்றைய முடிவு. எந்த அளவில் மாற்ற வேண்டும், எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்பது முன்னரே எடுத்த முடிவு.

தெரிந்து தெளிவோம்
1964 டிசம்பர் புயலில் பாம்பன் இரயில் பாலத்தின் உத்திரங்களில் பெரும்பகுதி கடலில் வீழ்ந்தது. 1914-இல் திறக்கப்பட்ட அப்பாலத்தைச் சீரமைக்க இரயில்வே ஆறு மாதக் கெடு விதித்தது. பொறுப்பேற்ற பொறியாளர் இ. ஸ்ரீதரனின் மேலதிகாரி அதனை மூன்று மாதமாகக் குறைத்தார். கடலில் கிடந்த உத்திரங்களை மீட்டு மீண்டும் பயன்படுத்தியதால் பாலம் 46 நாளில் சீரானது. பின்னாளில் இவரே கொங்கண் இரயில்வே, தில்லி மெட்ரோ ஆகியவற்றின் பணிகளுக்குத் தலைமையேற்றார்.

வாக்குறுதி தருபவர் யார்?

அலுவலகத்தில் வரையும் அட்டவணை ‘வியாழக்கிழமை கம்பி கட்ட வேண்டும்’ என்று சொல்லும். கம்பி வந்ததா, தண்ணீர்க்குழாயை இடம் மாற்றிவிட்டார்களா, முன்னாள் பெய்த மழைநீர் குழியிலிருந்து இறைக்கப்பட்டதா என்பது அட்டவணைக்குத் தெரியாது. களத்தில் நிற்கும் மேஸ்திரிக்குத் தெரியும்.

1990களில் கிளென் பல்லார்டு, கிரெக் ஹோவெல் என்னும் இரு அமெரிக்கர்கள் கட்டுமானக் களங்களை ஆராய்ந்தபோது, ஒரு வாரத்தில் முடிப்பதாகத் திட்டமிட்ட வேலைகளுள் ஏறத்தாழப் பாதியே அந்த வாரத்தில் முடிந்ததைக் கண்டனர். சோம்பல் இதற்குக் காரணமன்று. செய்ய வேண்டியது எது என்று மட்டும் திட்டம் சொன்னது. செய்ய முடிவது எது என்று எவரும் கேட்கவில்லை. எனவே அவர்கள் ‘லாஸ்ட் பிளானர்’ என்னும் முறையை வகுத்தனர். வேலையைத் தம் கையால் நடத்துபவரே திட்டமிடுவோர் வரிசையில் கடைசியானவர். அவர் சொல்லே இறுதியானது என்பது அதன் கருத்து. வாரந்தோறும் எல்லாக் குழுத் தலைவர்களும் கூடுவர். வரும் வாரங்களின் வேலைகளுக்கு என்னென்ன தடைகள் உள்ளன என்று பார்த்து அவற்றை முன்கூட்டியே நீக்குவர். தடை நீங்கிய வேலையை மட்டுமே ஒவ்வொருவரும் ‘இந்த வாரம் முடித்துத் தருகிறேன்’ என்று ஏற்பர். வார இறுதியில் எத்தனை வாக்குகள் நிறைவேறின என எண்ணுவர். நிறைவேறாதவற்றிற்குக் காரணம் தேடுவர். ஆளைத் தேடுவதில்லை.

இதில் மிகக் கடினமான பகுதி எது என்றால், மேஸ்திரி ஒருவர் பொறியாளரின் முகத்தைப் பார்த்து ‘இந்த வாரம் முடியாது’ என்று சொல்லும் துணிவைப் பெறுவதுதான். நம் களங்களில் ‘முடியும் சார்’ என்பது பணிவின் அடையாளம். அச்சத்தில் சொன்ன ‘முடியும்’ என்ற சொல்லை நம்பி மறுநாள் கிரேனையும் லாரியையும் வரவழைத்தால், அவை வெறுமனே நிற்கும். வாடகை மட்டும் ஓடும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் இத்தகைய பொய்யான ‘முடியும்’ இன்னும் கூடுதலாகச் செலவு வைக்கும். இடமறிந்தவரின் சொல்லைக் கேட்பதற்கு மேலிடத்தில் உள்ளவர் பழக வேண்டியிருக்கிறது. எந்த மென்பொருளும் அதைச் செய்து தராது.

மாற்றத்திற்கு அப்பாற்பட்டவை

வாரக் கூட்டத்தில் எதையும் பேசலாம் என்றால், எதையும் மாற்றலாம் என்று பொருளா? ஒரு கான்கிரீட் கலவையின் வலிமையை 28 நாள் கழித்துச் சோதிப்பது வழக்கம். அந்த வலிமை எந்தக் கூட்டத்தின் முடிவுக்கும் கட்டுப்பட்டு முன்னதாக வருவதில்லை. வேகம் வேண்டுமெனில் தொடக்கத்திலேயே கலவையை வேறாக வடிவமைக்கலாம். கொட்டிய பிறகு கெஞ்ச முடியாது.

மனித உயிர் இதனினும் மேலானது. 2025 ஜூன் மாதத்தில் மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் இராமாபுரம் அருகே, கட்டப்பட்டுவந்த மெட்ரோ பாதையின் உத்திரங்கள் இரவில் சரிந்து விழுந்தன. அவ்வழியே இருசக்கர வாகனத்தில் சென்ற ஒருவர் உயிரிழந்தார். அவர் அந்தப் பணியில் ஊழியரும் அல்லர், அவ்வழியே சென்றவர். நாம் நாள்தோறும் செல்லும் சாலை அது.

உத்திரத்தைத் தூக்கி வைக்கும் வேலையில் நேரம் மாறலாம், கிரேன் மாறலாம், எந்தத் தூணுக்கு முதலில் என்ற வரிசை மாறலாம். ஆனால் அதை எவ்வாறு தாங்கிப் பிடிப்பது, எத்தகைய சோதனைக்குப் பின் பிடியைத் தளர்த்துவது, கீழே எவ்வளவு தொலைவுக்குப் போக்குவரத்தை விலக்குவது என்பன வாரக் கூட்டத்தின் பேச்சுக்கு உரியவை அல்ல. காலம் நெருக்கும்போது வரிசையை மாற்றும் உரிமை மேற்பார்வையாளருக்கு உண்டு. சோதனை ஒன்றை விட்டுவிடும் உரிமை இல்லை. வேலையை நிறுத்தும் உரிமையோ, அங்கே நிற்கும் கடைசித் தொழிலாளிக்கும் உண்டு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் தெருவில் கட்டப்படும் வீடு ஒன்றைப் பார்வையிடுக. எந்த முடிவை எந்த நாள் வரை மாற்றலாம் என்று கொத்தனாரிடமும் மின்பணியாளரிடமும் கேட்டறிந்து, ஓர் அட்டவணையாகத் தொகுத்து வகுப்பில் வழங்குக.

2. பள்ளி ஆண்டுவிழாவுக்கான ஏற்பாடுகளுள் முன்திட்ட முறைக்கு உரியவை எவை, நெகிழ்முறைக்கு உரியவை எவை? குழுவாகக் கலந்துரையாடிக் காரணங்களுடன் எழுதுக.

3. ‘முடியாது’ என்று உரிய நேரத்தில் சொல்வதும் ஒரு பொறுப்பே – இக்கூற்றை ஏற்கிறீர்களா? பாடத்தின் செய்திகளைக் கொண்டு உங்கள் கருத்தை இரண்டு பத்திகளில் எழுதுக.